மலைப்பாதையும் என்ஜின் அமரும் இடமும்

அதிவேகக் கார்களைப் பற்றிய ஒரு கட்டுரைக்கும் நம் திருப்பதி மலைக்கும் என்ன சம்பந்தம் என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். வேங்கடம் என்றதும் தொல்காப்பியப் பாயிரம் சொல்லும் வடவெல்லையில் தொடங்கி, சிலம்பு, ஆழ்வார்கள், இராமானுசர் என்று எழுதிச் செல்வதே நம் மலர்களின் வழக்கம். நானும் அப்படி எழுதியவன்தான். இம்முறை வேறு வழியில் மலையேறிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்குக் காரணம் என் தாய்மாமா.

மாமாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. சித்தூர் – வேலூர் தடத்தில் தனியார் பேருந்து ஓட்டியவர். பிற்காலத்தில் சொந்தமாக ஒரு மாருதி ஆம்னி வேன் வாங்கி, திருப்பதியில் யாத்ரீகர்களை மலைக்கு ஏற்றிச்சென்றார். 2024 ஜூன் மாதம் புகாட்டி நிறுவனம் ‘டூர்பியோன்’ என்ற புதிய ஹைபிரிட் காரை உலகுக்குக் காட்டியபோது, என் மகள் அதன் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, "தாத்தா, இது மணிக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல போகும்" என்றாள். மாமா வேகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "அது சரிம்மா, இதுல என்ஜின் எங்க கீது?" என்றார். டிரைவருக்குப் பின்னால் என்று அவள் சொன்னதும், "அப்ப இடது காது தப்பிச்சுது" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் முப்பது வருடக் கதை இருக்கிறது.

நம் ஊர்ப் பேருந்துகளில் நெடுங்காலம் என்ஜின் இருந்த இடம் ஓட்டுநரின் இடப்பக்கம், முன் அச்சுக்கு அருகில். அதன்மேல் ஒரு மூடி, பானெட் என்போம். கூட்டமான நாளில் அதன்மேலும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதில் உட்கார்ந்து சூடு தாங்காமல் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டவர்கள் நம்மில் பலர் உண்டு. பயணிக்கு அது ஒரு மணி நேரச் சங்கடம். ஓட்டுநருக்கோ அது நாள் முழுவதும், வருடம் முழுவதும். மாமாவுக்கு வலது காது இன்றும் நன்றாகக் கேட்கும். இடது காதில் பாதிதான். இடது முழங்காலின் தோல் நிறமே வேறு. வாகனத்தில் என்ஜினை எங்கே வைப்பது என்பது பொறியாளருக்கு வரைபடக் கேள்வி. ஓட்டுகிறவருக்கு அது உடம்புக் கேள்வி.

முன்னா, பின்னா, நடுவா?

என்ஜினை முன்னால் வைத்ததற்குக் காரணங்கள் இருந்தன. குதிரை முன்னால் நின்று இழுத்த பழக்கம் ஒன்று. எதிர்க்காற்று நேராக ரேடியேட்டரில் படும் என்பது இன்னொன்று. பழுது பார்க்க மூடியைத் தூக்கினால் போதும் என்பது மூன்றாவது; நம் ஊர்ச் சாலைகளில் இதுவே முதன்மையானது எனலாம்.

ஆனால் வேகம் கூடக்கூட, எடை எங்கே இருக்கிறது என்ற கேள்வி பெரிதாகிவிடும். ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோளில் காவடி, இரு முனையிலும் பால்குடம். அப்படியே சட்டென்று திரும்பிப் பாருங்கள், முடியாது. தொடங்கவும் சிரமம், நிறுத்தவும் சிரமம். அதே இரண்டு குடத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டால் எளிதாகத் திரும்பலாம். எடை ஒன்றுதான், இடம்தான் வேறு. காரிலும் கனமான பொருள்களை இரண்டு அச்சுகளுக்கு இடையே, நடுவுக்கு நெருக்கமாக வைத்தால் வளைவில் வண்டி சொன்னபடி கேட்கும்.

இதைப் பந்தயத்தில் பெரிய அளவில் செய்து காட்டியவர்களில் முதன்மையானவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. 1934-இல் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த பந்தயக் காரில் பதினாறு சிலிண்டர் என்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இரண்டுக்கும் நடுவே பெட்ரோல் தொட்டி. பெட்ரோல் தீரத்தீர எடை குறையுமே தவிர, வண்டியின் சமநிலை முன்னும் பின்னும் நகராது. என்ன யோசனை பாருங்கள்! போருக்குப் பின் இந்த அமைப்பைச் சிறிய அளவில் பிடித்துக்கொண்டது இங்கிலாந்தின் கூப்பர் நிறுவனம். 1959-இல் ஜாக் பிராபம் அந்தக் காரில் உலகப் பட்டம் வென்றதும், சில ஆண்டுகளுக்குள் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முன்-என்ஜின் கார் என்ற இனமே அற்றுப்போயிற்று. சாலைக் காரில் 1966-இல் லம்போர்கினி மியூரா வந்தது.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. கோயம்புத்தூர்க்காரரான கரிவரதன் 1980-களின் இறுதியில் ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர், 796 சிசி என்ஜினை எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார். அதே என்ஜின்தான்; மாருதி 800-இல் முன்னால் இருந்து காய்கறி வாங்கப் போய்வந்தது, இடம் மாறியதும் பந்தயத்துக்குப் போயிற்று. வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய வழியில்லாத அந்நாளில், நம் இளைஞர்கள் பந்தயம் பழக அது ஒரு வாசல். 1995-இல் வான்விபத்தில் அவர் மறைந்தார். கோவைக்கு அருகே உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாமாவின் ஆம்னி வேனிலும் ஏறத்தாழ அதே 796 சிசி என்ஜின்தான். ஆனால் அது இருந்த இடம் முன் இருக்கைகளுக்கு அடியில், ஓடியதோ பின் சக்கரம். பொறியியல் கணக்கில் அதுவும் நடு-என்ஜின் வண்டியே! 1984 முதல் 2019 வரை தயாரான அந்த வண்டியில் குடும்பத்தோடு திருப்பதி போய், முன் இருக்கையில் உட்கார்ந்து சூடு தாங்காமல் நெளிந்தவர்கள் எல்லாரும், லம்போர்கினியின் உறவுக்கார வண்டியில் போயிருக்கிறார்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். மாமாவிடம் இதைச் சொன்னேன். "அங்க முதுகுல சுடும், இங்க குண்டியில சுடும், அவ்ளோதான்" என்றார். மலரில் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை, பதிப்பாசிரியர் மன்னிக்க.

இரட்டைப் பிறவி

இனி ஹைபிரிட். பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் ஒரே வண்டியில் சேர்ந்து உழைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். இது ஏதோ நேற்று வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். டொயோட்டாவின் பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997-இல். ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, வியன்னாவில் லோனர் என்ற வண்டி கட்டும் நிறுவனத்தில் வேலை பார்த்த இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் 1900-இல் இதைச் செய்துவிட்டார். அவர் வேறு யாருமல்லர், அதே ஃபெர்டினாண்ட் போர்ஷே.

அவர் முதலில் செய்தது முழு மின்சார வண்டி. சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டார். ஆனால் நான்கு சக்கரத்திலும் மோட்டார் வைத்த ஒரு வண்டிக்கு ஈய பேட்டரி மட்டுமே 1,800 கிலோ! பேட்டரியைச் சுமக்கவே பேட்டரி செலவாயிற்று. ஆகவே பேட்டரியைக் குறைத்து, வண்டியின் நடுவில் இரண்டு சிறு பெட்ரோல் என்ஜின்களை வைத்து, அவற்றால் டைனமோக்களைச் சுழற்றி, அந்த மின்சாரத்தை முன் சக்கர மோட்டார்களுக்கு அனுப்பினார். என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லை. ‘செம்பர் விவுஸ்’ என்று இலத்தீனில் பெயர்; எப்போதும் உயிரோடு இருப்பது என்று பொருள். பெயர் வாய்த்த அளவுக்கு வாழ்வு வாய்க்கவில்லை. பெட்ரோல் கார் மலிவாகிவிட்டது. இரண்டு யந்திரத்தைப் பராமரிக்க யாருக்குப் பொறுமை?

ஆக, 1900-இல் ஹைபிரிட். 1934-இல் ஓட்டுநருக்குப் பின்னால் பதினாறு சிலிண்டர். ஒரே மனிதரின் இந்த இரண்டு யோசனைகளும் ஒரே வண்டியில் சேர்ந்தது 2024-இல்தான். போர்ஷே நிறுவனமும், குரோஷியாவின் ரிமாக்கும் கூட்டாக 2021-இல் ஏற்படுத்திய புகாட்டி ரிமாக் நிறுவனத்தின் டூர்பியோன் அது.

இதன் என்ஜின் அமைப்பைச் சற்று நின்று பார்ப்போம். முந்தைய புகாட்டிகளில் டபிள்யூ வடிவில் நெருக்கி அடுக்கிய பதினாறு சிலிண்டரும், நான்கு டர்போவும் இருந்தன. டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி; புகைபோக்கியில் வெளியேறும் வாயுவால் சுழல்வது. அதனால் பலம் கூடும். ஆனால் காலை அழுத்தியதும் உடனே பலம் வராது. விசிறி சுழன்று எழ ஒரு கணம் வேண்டும். புதிய காரில் நான்கு டர்போவையும் எடுத்துவிட்டார்கள். சிலிண்டர்களை இரண்டு நீண்ட வரிசையாக, வி வடிவில் நிறுத்தினார்கள். கொள்ளளவு 8.3 லிட்டர், நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர், எடை 252 கிலோ. இங்கிலாந்தின் காஸ்வொர்த் நிறுவனம் உடனிருந்து செய்தது. நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை சுழலும், 1,000 குதிரைத்திறன்.

டர்போவை எடுத்தால் தாழ்ந்த வேகத்தில் பலம் குறையுமே? அங்கேதான் மோட்டார் வருகிறது. மின் மோட்டாருக்கு முதல் சுற்றிலேயே முழு இழுவிசை உண்டு. முன் அச்சில் இரண்டு, பின் அச்சில் ஒன்று, மூன்றும் சேர்ந்து 800 குதிரைத்திறன். தொடக்கத்து உந்தலை மோட்டார் பார்த்துக்கொள்வதால், என்ஜின் தனக்குப் பிடித்த உயர்சுழற்சி வேலையை மட்டும் செய்கிறது. மாமியாரும் மருமகளும் சமையலறையில் வேலையைப் பிரித்துக்கொண்ட வீடு போல என்று வையுங்கள். 25 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரியை இருக்கைகளுக்கு நடுவே ஓடும் சுரங்கத்திலும் இருக்கைகளுக்குப் பின்னாலும் பொதித்திருக்கிறார்கள். கனமெல்லாம் நடுவில். மீண்டும் காவடிக் கணக்குத்தான்.

அதே 2024-இல் ஃபெராரி வெளியிட்ட எஃப்-80 இதற்கு நேர் எதிரான விடையைச் சொன்னது. மூன்றே லிட்டர், ஆறே சிலிண்டர். இரண்டு டர்போவையும் வைத்துக்கொண்டு, அவற்றை மின் மோட்டாரால் முன்கூட்டியே சுழற்றிவிடுவது. தாமதத்தைத் தீர்க்க ஒருவர் டர்போவையே நீக்கினார், இன்னொருவர் டர்போவுக்கே மோட்டார் கட்டினார். எஃப்-80-இன் பேட்டரி 2.28 யூனிட்தான். எனக்கு ஃபெராரியின் வழியில்தான் சாமர்த்தியம் அதிகம் என்று படுகிறது. சத்தம் கேட்க ஆசைப்படுகிற என் மகள் புகாட்டி கட்சி.

மலை கேட்கும் கணக்கு

யூனிட் கணக்கு வந்ததால் மலைக்குத் திரும்பலாம்.

அலிபிரி அடிவாரத்திலிருந்து திருமலை ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். ஆட்களோடு 15 டன் எடையுள்ள பேருந்து ஒன்றை அந்த உயரத்துக்குத் தூக்க, உராய்வையெல்லாம் விட்டுவிட்டாலும், சுமார் 28 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். சிறு குடும்பம் ஒன்று ஐந்தாறு நாள் வீட்டில் செலவழிப்பது அது. ஏறியபின் அந்த ஆற்றல் எங்கேயும் போய்விடாது. வண்டி உயரத்தில் நிற்கிறது என்பதிலேயே அது அடங்கியிருக்கிறது. இறங்கும்போது அது வெளியே வந்தாக வேண்டும். எங்கே வரும்? பிரேக் டிரம்மில், சூடாக.

முதல் மலைப்பாதை 1944-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் படிக்கட்டும் டோலியும்தான். அது போர்க்காலம், பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. அன்றைய சென்னை மாகாணத்தில், அப்போது சித்தூரும் அதில்தானே இருந்தது, பேருந்துகளின் பின்னால் கரி அடுப்பு போன்ற கலத்தைக் கட்டி, அதில் வரும் வாயுவால் ஓட்டினார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கரி பஸ் என்று சொன்னது அதைத்தான். 1974-இல் இரண்டாவது பாதை வந்தபின் புதியது ஏறுவதற்கும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பழையது இறங்குவதற்கும் என்று ஆயிற்று.

அந்த 36 வளைவையும் மாமா எண்ணாமலே சொல்லுவார். "ஏறுறது வண்டியோட வேலை, எறங்குறதுதான் டிரைவரோட வேலை" என்பது அவர் பேச்சு. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் லைனர் தீய்ந்து வாசனை வரும். அதற்குப் பிறகு மிதித்தாலும் பிடிக்காது. அதனால் இரண்டாவது கியரில் போட்டு, என்ஜினையே பிடித்து நிறுத்த விடுவார். என்ஜின் ஓலமிடும். இடது காது போனதில் ஏற்றத்தைவிட இறக்கத்துக்கே பங்கு அதிகம் என்பது அவர் கட்சி. நாற்பது வருடமாக இந்த மாவட்டத்து ஓட்டுநர்கள் எல்லாரும் தினந்தோறும் இத்தனை யூனிட்டை டிரம்மிலும் காதிலும் எரித்துக்கொண்டு மலையிறங்கினார்கள்.

ஹைபிரிட் காரின் உயிர்நாடி இந்த இடத்தில்தான் இருக்கிறது. வேகம் குறைக்கும்போது மோட்டாரையே டைனமோவாக மாற்றி, வீணாகும் ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்புவது. 2009-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இது நுழைந்தது. அவ்வாண்டு ஹங்கேரிப் பந்தயத்தில் லூயிஸ் ஹாமில்டன் இதை வைத்து வென்றார். அங்கிருந்து கோடீசுவரர்களின் கார்களுக்கு வந்தது. டூர்பியோன் நம் மலையிலிருந்து இறங்கினால் அதில் அடங்கிய ஆற்றல் நாலு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவுதான். உலகில் 250 மட்டுமே செய்யப்படும் காருக்கு நாலு யூனிட். தினமும் பல நூறு நடை போய்வரும் பேருந்துகளுக்கு நடைக்கு 28. எங்கே அதிகம் பயன் என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

நம் மண்ணில்

இதெல்லாம் எங்கோ நடக்கும் சங்கதி என்று நம் பிள்ளைகள் நினைப்பதுதான் எனக்கு வருத்தம். திருப்பதிக்கு அருகே கரகம்பாடியில் 1985-இல் தொடங்கப்பட்டது அமரராஜா நிறுவனம். தொடங்கியவர் சித்தூர் மாவட்டம் பேட்டமிட்டாவைச் சேர்ந்த, அமெரிக்காவில் பொறியாளராக இருந்து திரும்பிய கல்லா இராமச்சந்திர நாயுடு. 2000-இல் அமரான் என்ற கார் பேட்டரி வந்தது. போர்ஷேயை வாட்டிய அதே ஈய பேட்டரியின் வழித்தோன்றல்தான். லித்தியம் வந்த பிறகு அந்நிறுவனமும் அந்தப் பக்கம் திரும்பி, 2023-இல் பெயரையே அமரராஜா எனர்ஜி அண்ட் மொபிலிட்டி என்று மாற்றிக்கொண்டது.

சத்தியவேட்டில் ஸ்ரீசிட்டி. அந்த வட்டாரம் 1960-இல் நடந்த எல்லை மாற்றம் வரை செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. திருத்தணி அந்தப் பக்கம் போக, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. அதனால் அங்கே இன்றும் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானபோது அதில் சேர்ந்தது. இசுசு நிறுவனம் 2016 முதல் அங்கே பிக்கப் வண்டிகள் செய்கிறது. சென்னை மெட்ரோவின் முதல் கட்டப் பெட்டிகளில் பெரும்பகுதி அங்குள்ள ஆல்ஸ்டாம் ஆலையிலிருந்து போனவை. பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திருப்பித் தரும் வண்டிகள் அவை. சென்னைக்குப் போய் மெட்ரோவில் ஏறும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு அது நம் மாவட்டத்தில் பிறந்தது என்று தெரியும்?

2022 செப்டம்பரில் திருப்பதி – திருமலை தடத்தில் மின்சாரப் பேருந்துகள் விடப்பட்டன. மாமாவை ஒருநாள் அதில் கூட்டிக்கொண்டு போனேன். முன் இருக்கையில் அவரை உட்கார வைத்தேன். வண்டி நகர்ந்தது. மாமா என் பக்கம் திரும்பி, "ஸ்டார்ட் பண்ணிட்டாரா? எனக்குக் கேக்கல" என்றார். எனக்கும் கேட்கவில்லை என்று அவர் வலது காதில் சொன்னேன்.

இறங்கும்போது அவர் வெளியே பார்க்கவே இல்லை. ஓட்டுநரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். வளைவுக்கு வளைவு, வண்டி தானாக இழுத்துப் பிடித்தாற்போல் மெதுவாயிற்று. பிரேக்கை மிதித்தது சில முறைதான். லைனர் வாசனை இல்லை. அலிபிரியில் இறங்கியதும் ஓட்டுநரிடம் போய், "தம்பி, எறங்குறப்ப கரண்ட்டு எத்தினி ஏறிச்சு?" என்று கேட்டார். அந்தப் பையன் தெலுங்கில் ஏதோ சொல்லி, முன்னால் இருந்த திரையைக் காட்டினான். மாமா குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் அடுத்த வண்டி ஹாரன் அடித்தது. அது அவர் இடது பக்கம் நின்றது. நான்தான் கையைப் பிடித்து ஓரமாக அழைத்து வந்தேன்.